தாளுக்குள் ஒரு சாட்சி



காய்கறிக் கடையில் ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டினால் கடைக்காரர் என்ன செய்கிறார்? வாங்கியதும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார். ஒரு நொடி பார்த்துவிட்டுக் கல்லாவில் போடுகிறார். யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. நமக்கு யாராவது நோட்டு கொடுத்தால் நாமும் அதையேதான் செய்கிறோம்.

அந்த ஒரு நொடியில் அவர் தேடுவது அச்சடித்த எதையும் அல்ல. வெறுமையாகத் தெரிகிற ஓரத்தில், வெளிச்சம் பட்டால் மட்டும் எழுந்து வருகிற காந்தியின் முகத்தையும், அதன் பக்கத்தில் பளிச்சென்று தெரியும் 500 என்ற எண்ணையும் தேடுகிறார். அதில் ஒரு சொட்டு மைகூடக் கிடையாது. தாள் கொஞ்சம் கனமாக இருக்கும் இடம் இருட்டாகவும், மெல்லியதாக இருக்கும் இடம் வெளிச்சமாகவும் தெரிகிறது. அவ்வளவுதான். இதைத்தான் வாட்டர்மார்க் என்கிறோம்.

நோட்டுக்கு இவ்வளவு கவனம் கொடுக்கிற நாம், வீட்டில் இருக்கும் மற்றத் தாள்களை எப்போதாவது இப்படித் தூக்கிப் பார்த்திருக்கிறோமா? தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம், முத்திரைத்தாளில் எழுதிய பாகப்பிரிவினை, பாட்டிக்கு வந்த கடிதக் கட்டு, பழைய ஸ்டாம்ப் ஆல்பம்?

இந்த மாதம் இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. வீட்டுக்கு வீடு இப்போது பழைய காகிதங்களை ஸ்கேன் செய்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் ஸ்கேன் முடிந்த பிறகு தாளை என்ன செய்கிறோம்? ஒன்று, ‘அதான் போனில் இருக்கிறதே’ என்று பழைய பேப்பர்காரரிடம் போய்ச் சேருகிறது. இல்லையென்றால், பத்திரமாக இருக்கட்டும் என்று தெருமுனைக் கடையில் கொடுத்து லேமினேட் செய்துவிடுகிறோம். இரண்டிலும் நாம் இழப்பது என்னவென்று சொல்லத்தான் இந்தப் பக்கம்.

தாளின் மேல் எழுதியிருப்பது ஒரு செய்தி. தாளுக்குள் இருப்பது இன்னொரு செய்தி. ஸ்கேனர் மேலே இருப்பதை மட்டும்தான் படிக்கும்.

வாட்டர்மார்க் இத்தாலியில் பிறந்தது. ஃபாப்ரியானோ என்ற ஊர்த் தாள் ஆலைகளில், 1282 வாக்கில். அந்தக் காலத்தில் தாள் செய்வது முழுக்கக் கைவேலை. கந்தல் துணியை ஊறவைத்து இடித்துக் கூழாக்கித் தொட்டியில் கரைத்து வைப்பார்கள். மெல்லிய கம்பிகளை நெருக்கமாகக் கட்டிய ஒரு சட்டத்தைத் தொட்டிக்குள் முக்கி எடுப்பார்கள். தண்ணீர் வடிந்துவிடும், கூழ் சட்டத்தின் மேல் படிந்து தாளாகும். இட்லித் துணியின் நெசவு இட்லியின் அடியில் பதிந்திருக்குமே, அப்படிச் சட்டத்தின் கம்பிகள் தாளில் பதிந்துவிடும். நெருக்கமான கோடுகளும், அவற்றைக் குறுக்கே பிடித்துக் கட்டியிருக்கும் அகலமான இடைவெளிக் கோடுகளும் பழைய ஐரோப்பியத் தாள்களில் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியும்.

யாரோ ஒரு தொழிலாளி அந்தச் சட்டத்தின் மேல், ஒரு கம்பியைச் சிலுவையாகவோ பூவாகவோ மாட்டுத்தலையாகவோ வளைத்து, மெல்லிய கம்பியால் தைத்து வைத்திருக்கிறார். அந்த இடத்தில் கூழ் மெல்லியதாகப் படிந்தது. ஆலைக்கு ஓர் அடையாளம் கிடைத்துவிட்டது. எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாகியும் அடிப்படை மாறவில்லை. இன்றைய ரூபாய் நோட்டில் 500 என்ற எண் பளிச்சென்று தெரிவதற்கும் இதே வழிதான். தாள் உருவாகும் வலையின் மேல் எண் வடிவத்தில் ஓர் உலோகத் துண்டைப் பொருத்துகிறார்கள். காந்தியின் முகத்தில் நிழலும் ஒளியும் வர வேண்டுமே, அதற்கு வலையையே மேடு பள்ளமாக அழுத்தி வைக்கிறார்கள்.

சரி, ஆலை அடையாளத்தால் பின்னால் வந்தவர்களுக்கு என்ன லாபம்?

கம்பி தேயும். வளையும். தையல் விட்டுப்போகும். பூவின் ஒரு இதழ் சாயும், மாட்டின் கொம்பு ஒரு பக்கமாக நகரும். தினமும் நூற்றுக்கணக்கான முறை தொட்டியில் முங்கி எழும் சட்டம் அதிக நாள் தாங்காது. வேலை மும்முரமான ஆலையில் ஓரிரு ஆண்டில் அதை மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே ஒரு குறிப்பிட்ட சட்டத்தில் வந்த தாள் எல்லாம் ஒரு குறுகிய காலத்துக்குள் செய்யப்பட்டவை. தாள் விலை உயர்ந்த பொருள் என்பதால் வாங்கியவர்களும் பெரும்பாலும் சில ஆண்டுகளுக்குள் பயன்படுத்தினார்கள். தேதியிட்ட கடிதம் ஒன்றில் இருக்கும் அதே குறி, தேதியில்லாத புத்தகம் ஒன்றிலும் இருந்தால்? புத்தகத்தின் வயது ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

இதை முதலில் பெரிய அளவில் தொகுத்தவர் சுவிட்சர்லாந்தின் சார்ல்ஸ் மொய்ஸ் பிரிக்கே. ஐரோப்பிய ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து, ஒவ்வொரு குறியின் மேலும் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் வரைந்தார். 1907ல் நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். அதில் இருக்கும் குறிகள் 16,112. அவருக்குப் பின் ஜெர்மனியின் கெர்ஹார்ட் பிக்கார்ட் ஸ்டுட்கார்ட் காப்பகத்தில் சுமார் 92,000 குறிகளைச் சேர்த்தார். இன்று அவற்றை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இரண்டு மனிதர்களின் பென்சில் வேலை இது என்பதை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

ஆனால் பென்சிலுக்கு ஓர் எல்லை உண்டு. வரைகிறவர் கண் எதைப் பார்க்கிறதோ அதைத்தான் கை வரையும்.

இங்கேதான் ஆலன் ஸ்டீவன்சன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் வருகிறார். தாள் தொட்டியில் இருவர் சேர்ந்து வேலை செய்வார்கள். ஒருவர் சட்டத்தை முக்கி எடுப்பார், மற்றவர் அதிலிருந்து தாளைக் கம்பளித் துணியில் இறக்குவார். வேலை தடைபடாமல் இருக்க இரண்டு சட்டங்கள் மாறி மாறிப் போகும். அப்படியானால் ஒவ்வொரு வாட்டர்மார்க்கும் ஜோடியாகத்தான் இருக்க வேண்டும் அல்லவா? பார்க்க ஒன்றுபோல் இருக்கும், ஆனால் ஒன்றல்ல. இவை இரட்டையர்கள் என்று 1951ல் அவர் எழுதினார். இரட்டையர்களைப் பிரித்தறிய மில்லிமீட்டர் வித்தியாசங்கள் தெரிய வேண்டும். கம்பியைத் தைத்த இடத்தில் விழும் பொட்டுகள் தெரிய வேண்டும். பென்சில் படத்தில் அந்தப் பொட்டுகள் வருவதில்லை.

அவர் இந்தக் கண்ணோடு எடுத்துக்கொண்ட வழக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். மிஸாலே ஸ்பெசியாலே என்று ஒரு பழைய லத்தீன் வழிபாட்டு நூல். அச்சிட்ட ஆண்டு அதில் இல்லை. எழுத்துரு மிகவும் பழசாகத் தெரிந்ததால், குட்டன்பெர்க் பைபிளுக்கும் முந்தியது, ஐரோப்பாவின் முதல் அச்சுப் புத்தகமே இதுவாக இருக்கலாம் என்று பல பத்தாண்டுகள் வாதம் நடந்தது. 1954ல் நியூயார்க்கின் மார்கன் நூலகம் ஒரு பிரதியை வாங்கியபோது அது பெரிய செய்தி. எழுத்துருவைப் பார்த்தே எல்லாரும் சண்டை போட்டுக்கொண்டிருக்க, ஸ்டீவன்சன் தாளைப் பார்த்தார். அதே சட்டத்தில் வந்த குறிகள், அதே அளவு தேய்ந்த நிலையில், ஆண்டு தெரிந்த வேறு புத்தகங்களில் கிடைத்தன. நூல் அச்சானது 1473ல் என்று முடிவாயிற்று. குட்டன்பெர்க் இறந்தே ஐந்தாண்டு ஆகியிருந்தது. 1967ல் இதை அவர் ஒரு முழுப் புத்தகமாக எழுதினார்.

எழுத்து பொய் சொல்லலாம் என்பதற்கு இன்னொரு வழக்கும் உண்டு. ஷேக்ஸ்பியர் நாடகங்களின் சில பழைய பதிப்புகளில் 1600, 1608, 1619 என்று வெவ்வேறு ஆண்டுகள் அச்சாகியிருந்தன. 1908ல் டபிள்யூ. டபிள்யூ. கிரெக் என்ற அறிஞர் அந்தத் தாள்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பத்தொன்பது ஆண்டு இடைவெளி என்று சொல்லிக்கொள்ளும் புத்தகங்களில் ஒரே கலவையான வாட்டர்மார்க்குகள்! எல்லாமே 1619ல் ஒரே அச்சகத்தில் அடித்தவை, பழைய தேதி வேண்டுமென்றே போட்டது என்று அவர் காட்டினார். ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் அந்தத் தேதிகளை நம்பியவர்கள் எல்லாரும் முதல் பக்கத்தைத்தான் படித்தார்கள்.

நம் வீட்டிலும் யோசித்துப் பாருங்கள். முன்தேதியிட்ட பத்திரம் என்ற வார்த்தை கேள்விப்படாத குடும்பம் உண்டா? 2000களின் தொடக்கத்தில் போலி முத்திரைத்தாள் மோசடி நாட்டையே உலுக்கியதே. அப்போது எத்தனை பேர் பீரோவைத் திறந்து தங்கள் பத்திரத்தைத் தூக்கிப் பார்த்திருப்பார்கள்!

வெளிச்சத்தில் பிடித்தால் தெரிகிறதே, பிறகு படம் எடுக்க என்ன பெரிய தொழில்நுட்பம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வெற்றுத்தாள் என்றால் ஒன்றும் சிரமமில்லை. பின்னால் விளக்கு, முன்னால் கேமரா, முடிந்தது. ஆனால் நமக்குக் கிடைப்பது இரண்டு பக்கமும் எழுதிய தாள். அச்சிட்ட தாள். ஓவியம் தீட்டிய தாள். வெளிச்சத்தில் பிடித்தால் முன்பக்க எழுத்தும் பின்பக்க எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, நடுவில் குறி எங்கே என்றே தெரியாது. தாளின் கனத்தை மட்டும் படிக்க வேண்டும், மையைப் படிக்கக் கூடாது. இதுதான் சவால்.

அமெரிக்காவின் டெலவர் மாநிலத்தில் தாமஸ் கிராவெல் என்பவர் ஓர் எளிய வழி கண்டார். டூபான்ட் நிறுவனத்தின் டைலக்ஸ் என்ற தாள் அச்சகங்களில் புழங்கியது. புற ஊதா ஒளி பட்டால் அது நீலமாகும். ஆனால் முதலில் சாதாரண வெளிச்சம் போதுமான அளவு பட்டுவிட்டால் அந்தக் குணம் போய்விடும். பழைய தாளை டைலக்ஸின் மேல் வைத்து விளக்கைப் போட்டார். மெல்லிய இடம் வழியாக அதிக வெளிச்சம் இறங்கி, கீழே இருக்கும் டைலக்ஸின் குணத்தை அழித்தது. பிறகு பழைய தாளை எடுத்துவிட்டுப் புற ஊதா விளக்கைக் காட்டினார். எல்லாம் நீலமாக, வாட்டர்மார்க் மட்டும் வெளுப்பாக எழுந்து நின்றது. இருட்டறை வேண்டாம், ரசாயனம் வேண்டாம், சில நிமிட வேலை. அமெரிக்க வாட்டர்மார்க்குகளுக்கான அவருடைய 1979ஆம் ஆண்டுப் பட்டியல் இந்த முறையில் உருவானது. குறை என்னவென்றால், ஒளியைத் தடுக்கும் கறுப்பு மை இங்கும் தடுக்கவே செய்யும்.

மையைத் தாண்டிப் போன முறை லெனின்கிராடிலிருந்து வந்தது. அறிவியல் அகாதெமி நூலகத்தில் எராஸ்தோவ் என்பவர் 1950களின் இறுதியில் செய்தது. எனக்கு இந்த முறை மீது தனிப் பிரியம்.

கண்ணாடிபோன்ற ஒரு பிளாஸ்டிக் தகடு. அதன் மூலக்கூறுகளில் சாதாரணக் கார்பனுக்குப் பதில் கொஞ்சம் கார்பன் 14 கலந்திருக்கும். தொல்பொருள்களின் வயதைக் கணிக்க உதவும் அதே கார்பன் 14தான். அது பாதியாகக் குறையவே 5,730 ஆண்டுகள் ஆகும் என்பதால், ஒரு தகடு வாங்கினால் நூலகத்துக்குத் தலைமுறை தலைமுறையாக உழைக்கும். அதிலிருந்து மெல்லிய பீட்டா கதிர் வந்துகொண்டே இருக்கும். நம் தோலின் மேற்பரப்பைத் தாண்டிப் போகவே திணறும் அளவுக்கு மெல்லியது. இருட்டில் தகடு, அதன் மேல் பழைய தாள், அதன் மேல் எக்ஸ்ரே ஃபிலிம் என்று அடுக்கி, காற்றிடைவெளி இல்லாமல் அழுத்தி, சில மணி நேரம் விட்டுவிடுவார்கள். சில இடங்களில் மாலையில் வைத்துவிட்டுக் காலையில் எடுப்பார்கள். தாளில் எவ்வளவு பொருள் இருக்கிறதோ அந்த அளவுக்குக் கதிர் தடைபடும். அச்சு மையின் எடை தாளின் எடையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை, ஆகவே எழுத்து அப்படியே காணாமல் போய்விடும்! ஃபிலிமைக் கழுவினால் கம்பிக் கோடுகள், வாட்டர்மார்க், தையல் பொட்டுகள், கூழ் திரண்ட இடங்கள், எல்லாம் அசல் அளவிலேயே நிற்கும். தாளுக்குச் சேதமில்லை, அதில் கதிரியக்கமும் தங்காது.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. போலி செய்கிறவர்கள் சிலர் எண்ணெய்ப் பசையுள்ள மையால் தாளின் மேல் குறியை அச்சிட்டுவிடுவார்கள். பசை ஊறிய இடத்தில் ஒளி கொஞ்சம் அதிகமாகப் புகும். தூக்கிப் பிடித்தால் அசல் வாட்டர்மார்க் போலவே தெரியும். கண் ஏமாறும். ஆனால் அந்த இடத்தில் தாள் மெலியவில்லையே? பீட்டா படத்தில் அங்கே குறியே இருக்காது. ஒரு பொருள் எப்படித் தெரிகிறது என்பதையும் எப்படி இருக்கிறது என்பதையும் பிரித்துக் காட்டும் கருவி இது.

நேரம் அதிகம் பிடிப்பதாலும், கதிரியக்கப் பொருளை வைத்திருக்க உரிமம் வேண்டும் என்பதாலும் பல இடங்களில் மென்மையான எக்ஸ்ரேக்கு மாறினார்கள். ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயில் பத்தில் ஒரு பங்கு மின்னழுத்தம்கூட இதற்குப் போதும். நிமிடங்களில் படம் வந்துவிடும். ஈயம் கலந்த வண்ணம் இருந்தால் மட்டும் அது குறுக்கே நிற்கும். இப்போது வெப்பப் படம் எடுக்கும் முறையும் வந்திருக்கிறது. ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக்கின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வகத்தில் இதை வளர்த்தார்கள். இளம் சூடான ஒரு பலகைக்கு முன்னால் தாளைப் பிடித்து, அகச்சிவப்புக் கேமராவால் பார்ப்பார்கள். மெல்லிய இடம் வழியே வெப்பம் அதிகமாகத் தெரியும், பல வகை மைகள் கண்ணுக்கு மறைந்துபோகும். சில நொடி வேலை.

இத்தனை முறைகளும் சேர்ந்து எதைக் கொடுத்தன என்பதற்கு ரெம்பிரான்ட் நல்ல உதாரணம். அவர் சுமார் 300 செப்புத் தகடுகளில் சித்திரம் கீறினார். 1669ல் இறந்தார். ஆனால் தகடுகள் இறக்கவில்லை. அவற்றை வாங்கியவர்கள் இருபதாம் நூற்றாண்டு வரைகூட அச்சிட்டு விற்றார்கள். கோடு ஒன்றுதான், கை ஒன்றுதான். எது அவரே அச்சிட்டது, எது அவருக்குப் பின் வந்தது? தாள்தான் சொல்ல வேண்டும். டச்சு ஆராய்ச்சியாளர் எரிக் ஹின்டர்டிங் இவற்றின் வாட்டர்மார்க்குகளை எக்ஸ்ரே படங்களோடு திரட்டி 2006ல் வெளியிட்டார். கோமாளித் தொப்பி, ஆம்ஸ்டர்டாம் நகரச் சின்னம், அல்லிப் பூ என்று நூற்றுக்கணக்கான வகைகள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியர் ரிச்சர்ட் ஜான்சன் இன்னும் ஒரு படி போனார். வாட்டர்மார்க் விழாத தாளில்கூடக் குறுக்குக் கோடுகளின் இடைவெளியைக் கணினியால் அளந்தால், இரண்டு தாள்கள் ஒரே சட்டத்தில் பிறந்தவையா என்று சொல்லலாம் என்று காட்டினார்.

இசைப் பிரியர்களுக்கு ஒன்று. மொசார்ட்டின் ஹார்ன் கான்செர்டோக்களில் முதலாவது என்று எண் போட்டு வைத்திருந்தது, உண்மையில் அவர் இறந்த 1791ல் எழுதியது, அதுதான் கடைசி. ஆலன் டைசன் என்ற பிரிட்டிஷ்காரர் கையெழுத்துப் பிரதித் தாள்களின் வாட்டர்மார்க்கை வைத்து இதைச் சொன்னார். இவர் அடிப்படையில் உளப்பகுப்பாய்வாளர், ஃபிராய்டின் எழுத்துகளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர்களில் ஒருவர். சுரத்தைக் கேட்டு எண் போட்டவர்களுக்குத் தெரியாதது, தாளைப் பார்த்தவருக்குத் தெரிந்தது.

நம் ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நாம் ஓலையில் எழுதியவர்கள். இந்தியாவில் கையால் செய்த தாளிலும் புல்லால் முடைந்த சட்டத்தின் கோடுகள் தெரியும், ஆனால் கம்பியில் வளைத்த உருவங்கள் கிடையாது. உருவத்தோடு கூடிய தாள் இங்கே கப்பலில் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் எழுத்து வேலைக்கான தாளை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தது. அங்கே 1794ல் ஒரு சட்டம் போட்டார்கள். ஏற்றுமதியாகும் தாளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெற வேண்டுமானால், வாட்டர்மார்க்கில் ஆண்டு இருக்க வேண்டும். அதனால் அந்தக் காலத்துத் தாள்கள் பலவற்றில் ‘ஜே வாட்மன்’ போன்ற ஆலைப் பெயரும் கீழே ஆண்டும் வெளிச்சத்தில் தெரியும். கம்பெனி காலத்தில் இந்திய ஓவியர்கள் வெள்ளைக்காரர்களுக்கு வரைந்து கொடுத்த பறவை, செடி, மனிதர் படங்கள் பலவும் இந்தத் தாளில்தான் இருக்கின்றன. ஓவியரின் பெயர் தெரியாத படத்துக்கும் ‘இந்த ஆண்டுக்கு முந்தியது அல்ல’ என்று சொல்ல முடிவது இதனால்தான்.

ஸ்டாம்ப் சேர்த்தவர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. 1865ல் வந்த இந்திய ஸ்டாம்புகளில் யானைத்தலை, பிறகு நட்சத்திரம். திருவிதாங்கூர் ஸ்டாம்பில் சங்கு. கறுப்புத் தட்டில் ஸ்டாம்பைக் கவிழ்த்துப் போட்டு இரண்டு சொட்டு பென்சைன் விட்டால் சங்கு கறுப்பாகத் தெரிந்து, காய்ந்ததும் மறையும். கன்னியாகுமரி மாவட்டப் பெரியவர்கள் சிலரிடம் இந்த ஆல்பங்கள் இன்னும் இருக்கும். ஒரே விலை, ஒரே படம், ஒரே நிறம் கொண்ட இரண்டு ஸ்டாம்புகளில் ஒன்றுக்கு மட்டும் மதிப்பு கூடுவது பல சமயம் இந்தக் குறியால்தான். பென்சைன் எளிதில் தீப்பிடிக்கும் என்பதையும், பத்திரம், கடிதம் போன்றவற்றில் அதை ஒருபோதும் விடக் கூடாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

இப்போது லேமினேஷனுக்கு வருகிறேன். இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும்.

லேமினேஷன் என்பது சூட்டில் பசையை உருக்கித் தாளின் இழைகளுக்குள் இறக்குவது. இறங்கியதைத் திரும்ப எடுக்க முடியாது. எடுக்கப் போனால் தாளும் கூடவே வரும். தாளில் ஏற்கெனவே அமிலம் இருந்தால் அதையும் உள்ளேயே பூட்டிவிடுகிறோம். பீட்டா கதிர் ஒரு சாதாரணத் தாளைத் தாண்டிப் போய்விடும் என்றேன் அல்லவா? கடையில் போடும் இரண்டு பக்கப் பிளாஸ்டிக்கும் சேர்ந்தால் அது தாண்டவே தாண்டாது. பளபளப்பால் சாதாரணக் கேமராவும் திணறும். காப்பாற்றுவதாக நினைத்துச் செய்கிற வேலை, பிற்காலத்தில் யாரும் அந்தத் தாளைச் சரியாகப் பரிசோதிக்க முடியாதபடி செய்துவிடுகிறது. செல்லோடேப்பும் அப்படித்தான். சில ஆண்டுகளில் அது பழுப்பாகி, பசை மட்டும் தாளில் தங்கும். கிழிந்த பத்திரத்தைப் பசையில்லாத பாலியஸ்டர் உறையில் தளர்வாகப் போட்டு, மடிக்காமல் படுக்கவைத்தாலே போதும்.

பிறகு, ஸ்கேன் செய்த கையோடு இன்னொரு படமும் எடுத்து வையுங்கள். இதற்குக் கார்பன் 14 தேவையில்லை. பிள்ளைகள் படம் வரைய வைத்திருக்கும் எல்.இ.டி. டிரேசிங் பேட் இருந்தால் சிறப்பு, இல்லாவிட்டால் டேப்லெட்டில் வெள்ளைத் திரையை முழு வெளிச்சத்தில் வைத்தாலும் சரி. அதன் மேல் சுத்தமான கண்ணாடித்தாள் ஒன்றை விரித்து, பழைய தாளை வையுங்கள். மேலே நான்கு புத்தகங்களை அடுக்கி, போன் அசையாதபடி வையுங்கள். முதலில் பேட் அணைந்திருக்க, அறை விளக்கில் ஒரு படம். பிறகு அறை விளக்கை அணைத்துப் பேட் வெளிச்சத்தில் இன்னொரு படம். நடுவில் தாளும் போனும் ஒரு மயிரிழைகூட நகரக் கூடாது. ஏன் இரண்டு படம்? முதல் படத்தில் மேல்பக்க எழுத்து மட்டும் இருக்கிறது. இரண்டாவதில் எழுத்தும் வாட்டர்மார்க்கும் சேர்ந்திருக்கின்றன. படங்களைத் திருத்தத் தெரிந்த பிள்ளை யாராவது வீட்டில் இருந்தால், இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழிக்கச் சொல்லுங்கள். எழுத்து மங்கி, குறி மேலே வரும். பெரிய நூலகங்களிலும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள், கேமராதான் உயர்ந்தது.

மெழுகுவர்த்தி, குண்டு பல்பு பக்கம் தாளைக் கொண்டுபோக வேண்டாம். மடிப்பில் உடையும் நிலையில் இருக்கும் தாளைப் பிரிக்கவே வேண்டாம், அதைத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள். குறியின் மேல் பென்சிலால் தேய்த்துப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு, அதுவும் வேண்டாம்.

படம் எடுக்கும்போது தாளின் ஓரத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுங்கள். எந்தத் தாள், யாருடையது, எந்த ஆண்டு என்று எழுதியிருக்கிறது என்பதைப் படத்தின் பெயரிலேயே குறித்துவிடுங்கள். அளவு தெரியாத வாட்டர்மார்க் படத்தை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. குறுக்குக் கோடுகளுக்கு இடையே எத்தனை மில்லிமீட்டர் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்